யாரு பேருக்குப் படுத்திருக்கீங்க?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம், ரத்த வங்கியில் என்னோடு வேலை செய்த இளைஞர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ரத்தம் குடுக்க வர்றவங்ககிட்ட ஒங்க பேரு என்னன்னு கேட்டாப் போதாதா? நீங்க மட்டும் ஏன் 'யாரு பேருக்கு வந்திருக்கீங்க'ன்னு கேக்குறீங்க? வர்றவங்க சிரிக்கிறாங்க."

அன்று வேலை அதிகம். பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அதே மாதம் புதிய இயந்திரம் ஒன்றை இறக்கினார்கள். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக அதற்குள் போகிறது. வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தை அது அதே ஆளுக்கே திருப்பிவிடுகிறது. ஆள் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. குழாய் வேறு கைக்கு மாறுவதும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருக்கிறேன். புது இயந்திரத்தைக் கண்டு மலைத்துப் போனேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பார்த்தது குழாய் யாருடைய கைக்குத் திரும்புகிறது என்பதை.

முப்பது வருடங்களுக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளுக்கு அரைப் பக்கம். அதற்கு மேல் எழுதுவதில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஆறு பக்கங்கள் இருக்கின்றன. அந்த இளைஞருக்குச் சொல்லாமல் விட்டதை அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். ஹட்டனில் படித்தேன். தோட்டத்து மருந்துச் சாலையில் சில வருடங்கள் புண்ணுக்கு மருந்து கட்டினேன், பூச்சி மருந்து கொடுத்தேன். பிறகு அறுபதுகளின் தொடக்கத்தில் ஹட்டனில் திறந்த ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கொழும்பில் ஆறு வாரம் பயிற்சி தந்தார்கள். ஊசி பிடிக்கவும், போத்தல் கழுவவும், போத்தலில் நம்பர் ஒட்டவும் கற்றேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பெயர் வேண்டாம்.

நாங்கள் வாங்கியது ரத்தத்தை அல்ல, ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் நீரை. பிளாஸ்மா என்பார்கள். ஒருவரிடமிருந்து ஒரு போத்தல் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே நல்லெண்ணெய் நிறத்தில் நிற்பதுதான் பிளாஸ்மா. அதை வேறு போத்தலுக்கு மாற்றி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ரயிலில் கொழும்புக்கு அனுப்புவோம். தீக்காயம் பட்டவர்களுக்கு மருந்தாகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அடியில் தங்கிய சிவப்பை உப்புநீரில் கலந்து, யாரிடம் எடுத்தோமோ அவருக்கே திருப்பி ஏற்றிவிடுவோம். சிவப்பு திரும்பக் கிடைத்துவிடுவதால் அவர் சோர்ந்து போவதில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி வந்து காசு வாங்கலாம். வெறும் ரத்தம் கொடுத்தவர் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கம்பெனி நடந்ததே இந்த வித்தியாசத்தில்தான்.

அவருக்கே திருப்ப வேண்டும் என்பதில்தான் எல்லா ஆபத்தும் இருந்தது. ஒருவருடைய சிவப்பு, ரத்த இனம் ஒவ்வாத இன்னொருவருக்குள் போனால் உடம்பு அதை விஷத்தைப் போல எதிர்க்கும். உடைந்த அணுக்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். இரண்டு மூன்று அவுன்ஸ் போனாலே ஆளைக் கொல்லலாம்.

பயிற்சியில் சொன்னபடி, முதல் ஊசியை எடுக்காமல் உப்புநீர் சொட்ட விட்டு, ஆளைக் கட்டிலிலேயே வைத்திருக்க வேண்டும். போத்தல் சுழன்று திரும்பி வரும்வரை அவர் அசையக் கூடாது. ஆனால் எங்களுக்கு இருந்தவை நான்கு கட்டில்கள். தோட்டத்தில் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேருக்கு மேல் வருவார்கள். ஊசியை எடுத்துவிட்டு ஆளை வெளி வாங்குப் பலகையில் உட்கார வையுங்கள், போத்தல் தயாரானதும் மறுபடி கூப்பிடுங்கள் என்று தலைமை அலுவலகம் எழுதியது. எங்கள் டொக்டர் அதை எதிர்த்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். ஒரு வரியில் பதில் வந்தது. அதை மடித்து மேசை லாச்சியில் வைத்தார். அடுத்த நாளிலிருந்து தன் சொந்த விதிகளைக் கொண்டுவந்தார். அவற்றைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். சட்டைக் கையை எப்போதும் மூன்று மடிப்பு மடித்திருப்பார், இரண்டாகவோ நான்காகவோ நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் கை கழுவப் போவார். திரும்பி வந்து, ஈரக் கைகளை முன்னால் தூக்கிப் பிடித்தபடி, முன்பைவிட மெதுவாகப் பேசுவார். அதற்குத்தான் எல்லாரும் பயந்தோம்.

முதல் நாளே என்னைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: "பெயரை நீர் சொல்லக் கூடாது, சுப்பையா. அவர் சொல்ல வேணும். நீர் போத்தலைப் பார்த்துக்கொண்டு கேட்க வேணும். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம். மூண்டும் போத்தலிலை எழுதினதோடை ஒத்துவர வேணும். ஒண்டு பிசகினாலும் கிளிப்பைத் திறக்கக் கூடாது."

கிளிப் என்பது குழாயை அழுத்திப் பிடிக்கும் இடுக்கி. அதைத் திறந்தால் சிவப்பு இறங்கும்.

முதல் ஊசி வலது கையில் என்றால், திருப்பி ஏற்றுவது இடது கையில். இது இரண்டாவது விதி. ஏற்றத் தொடங்கிய முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது. நான்காவதை மட்டும் என்னை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார்: "இறங்கிக்கொண்டிருக்கேக்கை ஆரும் 'எனக்கு என்னவோ நடக்கப் போகுது' எண்டு சொன்னால், முதல் கிளிப்பைப் பூட்டும். பிறகு யோசியும்."

மற்ற மூன்றையும் நான் ஒரு நாளும் மீறியதில்லை. மீறியது முதல் விதியைத்தான். அதையும் அன்பினால் மீறினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம். டொக்டருக்கு இவை மூன்று சாதாரணக் கேள்விகள். எங்கள் ஆட்களுக்கு அப்படி இல்லை. நாற்பத்தெட்டில் எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த மூன்று கேள்விகளையும் யாராவது கேட்டால் எழுந்து போய்விடத் தோன்றும். அப்பன் பேரு என்ன, நீ எங்கே பிறந்தாய், அப்பன் எங்கே பிறந்தான், அதற்குக் கடதாசி எங்கே. என் அப்பா அப்படி ஒரு மேசைக்கு முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பதில் தெரிந்திருந்தும் வாய் வராமல் நின்றார். எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று.

கம்பெனி திறந்த மாதம், டயகமவிலிருந்து வந்த ஒருவரிடம் நான் விதிப்படி மூன்றையும் கேட்டேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"ரத்தந்தான குடுக்க வந்தேன். அப்பன் பொறந்த எடமெல்லாம் எதுக்குங்க? யாருக்கு எழுதிப் போடப் போறீங்க?"

நானும் தோட்டத்து ஆள் என்று தெரிந்துதான் அப்படிக் கேட்டார். போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, டொக்டர் அடுத்த அறையில் இருக்கும் நேரங்களில், நம்பரையும் பெயரையும் நானே சொல்லிக் கூப்பிடத் தொடங்கினேன். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் படுப்பார்கள். முகத்தில் பயம் இருக்காது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. தோட்டத்தில் காலையில் எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பேருக்கு ஒரு குரல் வர வேண்டும். மதியத்துக்குப் பிறகு ஆள் இல்லையென்றால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். ஒருவருக்கு முடியாமல் போனால் சொந்தக்காரர் யாராவது அவருடைய பேருக்கு நின்று அந்த வேலையை முடித்துக் கொடுப்பார்கள். கங்காணிக்கும் தெரியும், தெரியாதது போல் இருப்பார். என் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் சித்தி அம்மா பேருக்குக் கொழுந்து எடுத்திருக்கிறாள். அரிசி போடும் நாளில் துண்டுச் சீட்டை யார் கொண்டுபோனாலும் அரிசி கிடைக்கும். ஒருவருடைய பேர் விடுபடாமல் பார்த்துக்கொள்வதை நாங்கள் ஏமாற்று என்று நினைத்ததே இல்லை. அது உறவுக்காரர்கள் செய்ய வேண்டிய காரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறலும் மூடுபனியுமாக இருந்தது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வெள்ளையன் என்பவர் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்களிடம் அது அவருக்கு ஏழாவது தடவை. வாய் ஓயாமல் பேசுவார். அன்று தன் மனைவியின் தம்பி மாணிக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் கம்பளிக் கோட்டுப் போட்டுத் தலையில் துவாய் சுற்றியிருந்தார்கள்.

புதிதாக வருகிறவரின் விரலைக் குத்தி, ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசலில் விடுவது வழக்கம். நல்ல ரத்தம் நேராக அடிக்குப் போகும். சத்தில்லாத ரத்தம் மிதக்கும். மாணிக்கத்தின் சொட்டு மிதந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

"மாப்ள ரத்தம் மெதக்குதுங்க" என்று வெள்ளையன் வாங்கில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "பிளேன் டீயில ஓடுற வண்டி. பெட்ரோல் எங்க இருக்கப் போவுது?"

எல்லாரும் சிரித்தார்கள். மாணிக்கமும் சிரித்துக்கொண்டு வெளியே போனார். நான் அவர் முகத்தைப் பார்த்ததாகவே நினைவில்லை. பார்த்தது விரலையும் சொட்டையும்தான்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வெள்ளையனின் வலது கையில் ரத்தம் எடுத்தேன். போத்தல் நம்பர் பதினான்கு. அதே நம்பர் அடித்த தகரத் துண்டை நூலில் கோர்த்து மணிக்கட்டில் கட்டி, வாங்கில் உட்காரச் சொன்னேன்.

அடுத்து நடந்தது பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம். வெள்ளையன் முடி வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டமாக இருக்கும் என்பதால், அவருக்கு இடம் பிடித்து வைக்கத்தான் மாணிக்கம் வெளியே போயிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து, முறை வந்துவிட்டது என்று சொல்ல ஓடி வந்தார். சலூனில் விட்டால் கடைசிக்குப் போக வேண்டும். இங்கே விட்டால் அரைப்பேர், பாதிக் காசுதான். வெள்ளையன் தகரத் துண்டைக் கழற்றி மச்சினன் மணிக்கட்டில் மாட்டினார். பாதி வேலை முடிஞ்சிருச்சு, இனி சும்மா படுத்தா போதும், பேரைக் கூப்பிட்டா ஆமாங்கன்னு சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணி ஐம்பத்தைந்துக்கு நான் கதவருகே வந்து கூப்பிட்டேன். "பதினாலு. வெள்ளையன்."

"ஆமாங்க."

கம்பளிக் கோட்டோடு, துவாயை நெற்றிக்குக் கீழே இழுத்துச் சுற்றிய ஒருவர் எழுந்து வந்தார். துண்டைப் பார்த்தேன், பதினான்கு. போத்தலைப் பார்த்தேன், பதினான்கு. இடது கையை நீட்டச் சொன்னேன். ஊசி போட்டேன். கிளிப்பைத் திறந்தேன். விதிப்படி பக்கத்தில் உட்கார்ந்து, துவாய்க்குள் தெரிந்த முகத்தில் நிறம் மாறுகிறதா என்று மட்டும் பார்த்தேன், யார் முகம் என்று பார்க்கவில்லை. காலையில் ரத்தம் எடுக்கும்போது பேச்சில் வந்த கல்யாணம் எப்போ என்று கேட்டேன். வர்ற வெள்ளிக்கிழமைங்க என்றார். பதிலும் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது நிமிடம் அவர் கால்களை மடக்கினார். குளிருதா என்று கேட்டேன். ஆமாங்க என்றார். ஐஸ் பக்கத்தில் இருந்த சிவப்பு ஏறும்போது சிலருக்குக் குளிரும். இன்னொரு கம்பளி போர்த்திவிட்டேன். அப்படிச் செய்து ஒரு நிமிடத்துக்கு மேல் வீணாக்கினேன். அந்த நிமிடத்தில் எத்தனை சொட்டு இறங்கியது என்று பிறகு பல தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன்.

பிறகு இடுப்பு வலிக்கிறது என்றார். அவருடைய கண்கள் சுவரைத் தேடின.

"என்னமோ ஆகப் போற மாதிரி இருக்குங்க."

என் கை தானாகப் போய்க் கிளிப்பைப் பூட்டியது. போத்தலில் அறுபது சி.சி. குறைந்திருந்தது. இரண்டு அவுன்ஸ். பூட்டிய பிறகுதான் யோசித்தேன். அவருடைய வலது கைக் கோட்டை முழங்கைக்கு மேலே தள்ளினேன். ஊசி போட்ட இடத்தில் நான் ஒட்டிய பஞ்சு இருக்க வேண்டும்.

கை சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி கூட இல்லை. விரல் நுனியில் மட்டும் காலையில் குத்திய அடையாளம் இருந்தது.

"ஒங்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

"வெள்ளையன்ங்க."

"சத்தியமா சொல்லுங்க."

"வெள்ளையன்ங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

நான் அதிகாரியைப் போலக் கேட்டால் அவர் சாகும்வரை அதையே சொல்வார் என்று எனக்குப் புரிந்தது. குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில், லயத்தில் பேசுவது போலக் கேட்டேன்: "யாரு பேருக்குப் படுத்திருக்கீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான் பேருக்குங்க" என்றார். "அரைப்பேரு போட்ராதீங்க."

டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தார். போத்தலைப் பார்த்தார், சுத்தமான அந்தக் கையைப் பார்த்தார். ஊசியை எடுக்காமல் போத்தலையும் குழாயையும் மாற்றி உப்புநீர் விடச் சொன்னார். மாணிக்கத்தின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து இனம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இரண்டாவது தடவையும் பார்த்தேன். வெள்ளையன் ஏ. மாணிக்கம் ஓ. இதைவிட மோசமாக ஒவ்வாமல் இருக்க முடியாது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டொக்டர் தன் காரை வாசலுக்கு எடுத்தார். மாணிக்கத்தை நானும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, எதிரே வெள்ளையன் வந்தார். புதிதாக முடி வெட்டி, பிடரியில் பவுடர் பூசியிருந்தது.

"என்ன மாப்ள, தூக்கிக்கிட்டுப் போற அளவுக்குத் தூக்கமா?" என்றார்.

மாணிக்கத்தைக் காரில் ஏற்றினோம். வெள்ளையனின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எதையும் மறைக்கவில்லை. இன்னாருடைய சிவப்பு, இன்னாருக்கு, இத்தனை சி.சி., இத்தனை மணிக்கு, எங்கள் பிழை என்று வார்டு டொக்டரிடம் சொன்னார். மதியத்துக்கு முன் மாணிக்கம் சிறுநீர் கழித்தார். கறுத்த தேயிலைச் சாயத்தின் நிறம். டொக்டர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

திரும்பி வந்து, ஈரக் கைகளோடு என் முன்னால் நின்று, "நீர் ஏன் கேட்கேல்லை?" என்றார்.

சொன்னேன். பிரஜாவுரிமை மேசையைச் சொன்னேன், என் அப்பாவைச் சொன்னேன், டயகமவிலிருந்து வந்து எழுந்து போனவரைச் சொன்னேன். பெரட்டையும் அரைப்பேரையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். பொலிசுக்குப் போக வேண்டி வரும் என்றும் நினைத்தேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"இதொண்டும் எனக்குத் தெரியாது" என்றார். "உமக்குத் தெரியும். தெரிஞ்ச ஆள் எனக்குச் சொல்லியிருக்க வேணும்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை மாணிக்கத்துக்கு ஒரு நாள் முழுவதும் இறங்கிய சிறுநீர் இரண்டு அவுன்ஸ். செவ்வாய்க்கிழமை அரை அவுன்ஸ் கூட இல்லை. புதன்கிழமைப் பக்கத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறேன். சிறுநீர் இறங்காதவருக்குத் தண்ணீரும் அளந்துதான் கொடுக்க வேண்டும். உள்ளே போவது வெளியே வராவிட்டால் நுரையீரலில் தேங்கும். நான் தினமும் மாலையில் வேலை முடிந்து போவேன். அவர் முகமும் கால்களும் ஊதியிருந்தன. ஒரு வாய் தண்ணீர் கேட்பார். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். அந்தத் துணியை அவர் உறிஞ்சுவார். வார்டில் இருந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

வெள்ளையன் கட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருப்பார். தலையில் துவாயைச் சுற்றி, வெட்டிய முடியை மறைத்திருந்தார்.

புதன்கிழமை அவருடைய மனைவி வந்தார், மாணிக்கத்தின் அக்கா. என்னைக் கட்டிலின் கால்மாட்டுக்குக் கூட்டிப்போய், அங்கே தொங்கிய அட்டையைக் காட்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. இதுல யாரு பேரு எழுதியிருக்கு?"

"மாணிக்கம்னு இருக்குங்க."

"நல்லாப் பாருங்க. எம்புருசன் பேரு இல்லியே?"

"இல்லீங்க. மாணிக்கம்."

அவர் தலையை ஆட்டினார். "எந்தம்பி செத்தா எந்தம்பியாவே சாவட்டும்" என்றார். "கடதாசியில எம்புருசனைக் கொன்னுட்டீங்கன்னா, அப்புறம் அவரு உசுரோட இருக்காருன்னு நாங்க எந்தக் கவுர்மெண்டு கந்தோருல போயி காட்டுறது?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு காரியத்தை உறுதிப்படுத்திக்கொள்வது போலத்தான் சொன்னார். பிறகு போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று வெள்ளையன் எனக்குச் சொன்னார். அந்த நாட்களில் அவர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

வியாழக்கிழமை மாணிக்கத்துக்கு மயக்கம் கண்டது. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார், பிறகு தானே ஆமாங்க என்று பதிலும் சொன்னார். நான் வராந்தாவுக்குப் போனேன். இந்த ஆள் இறந்தால் நான் எந்தப் பேரில் இனி இந்த மலையில் இருப்பேன் என்று நினைத்தேன். அந்த வரியைப் பிறகு நாட்குறிப்பில் அடித்திருக்கிறேன். அடித்ததற்குக் கீழே இன்னும் வாசிக்க முடிகிறது.

வெள்ளிக்கிழமை நான்கு அவுன்ஸ். நிறம் இன்னும் கறுப்பு. சனிக்கிழமை பன்னிரண்டு. எங்கள் டொக்டர் அன்று தானே வந்து அளவுக் குவளையை வாங்கி, ஜன்னலுக்கு நேரே பிடித்தார். மஞ்சள் தெரிந்தது. "இனிக் குடிக்கக் குடும்" என்றார். மாணிக்கம் குடித்ததை வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கோப்பைத் தண்ணீர் ஒருவருக்குள் இறங்குவதை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று போத்தல் சிறுநீர் இறங்கியது.

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. ரத்தம் கொடுத்தவர்கள் ஆள்மாறாட்டம் செய்தார்கள் என்று எழுதினால் போதும் என்றும் குறிப்புக் காட்டியிருந்தது. நடந்ததை எழுதும் என்றார் டொக்டர். "பேரை நான் சொன்னேன். அவர் ஆமாங்க என்றார்" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். ஊசியை எடுத்துவிட்டு ஆளை வெளியே உட்கார வைத்தது யாருடைய உத்தரவு என்று டொக்டர் அதற்குக் கீழே எழுதிக் கையெழுத்திட்டு, லாச்சியில் இருந்த அந்த ஒரு வரிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். பிறகு ஊசியை யாரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டுப் பேர் என்றாயிற்று. ஒன்றரை வருடத்தில் கம்பெனி மூடப்பட்டது.

அதற்கு முன் ஒரு நாள் டொக்டர் என்னை அழைத்து, சுவரில் ஒட்டியிருந்த விதிகளைக் கழற்றினார். "அப்ப எப்பிடிக் கேட்க வேணும் எண்டு நீர் சொல்லும்" என்றார். நான் சொன்னேன். 'யாரு பேருக்கு வந்திருக்கீங்க' என்ற தோட்டத்துப் பேச்சை அவர் தன் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதி, முதல் விதியாக ஒட்டினார். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, எம்பேருக்குத்தாங்க என்றார்கள். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் தம்பி பேருக்கு, மற்றவர் மாமனார் பேருக்கு வந்திருந்தார்கள்.

மாணிக்கம் ஆஸ்பத்திரியை விட்டுப் போன நாள் பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். சட்டை அவர் மேல் தொங்கியது. வெள்ளையன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்து, தோட்டத்தில் மழை எப்படி என்று கேட்டேன். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்த மாணிக்கம் இறங்கி என்னிடம் திரும்பி வந்தார்.

"எம்பேரு மாணிக்கங்க" என்றார். "அப்பா பேரு சடையன். நான் பொறந்தது இங்கதான், எங்க தோட்டத்து அஞ்சாம் நம்பரு லயத்துல. எதுக்கும் தெரிஞ்சு வச்சுக்குங்க."

யாரும் அவரிடம் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். நான் அங்கேயே நின்று பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்து மூன்றையும் எழுதினேன். என் கையெழுத்து ஒழுங்கானது என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த மூன்று வரிகள் மட்டும் கோணலாக இருக்கின்றன.